ரெய்னர்ஸ் லேன் பக்கம் 1930கள் வீடு ஒண்ணு: ஸ்கிப் (குப்பை அள்ளற பெரிய தொட்டி) வர்றதுக்கு முன்னாடி உள்ள என்னெல்லாம் மிச்சம் இருக்குன்னு பாத்தோம்

மொட்டைமாடி:

வீட்டு சாவி கைக்கு வந்துருச்சு. வடமேற்கு லண்டன்ல ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம், மூணு பெட்ரூம் செமி (பக்கத்து வீட்டோட ஒரு பக்கம் ஒட்டுனது), முப்பதுகள்ல கட்டுனது. இருந்த பாட்டி தவறிட்டாங்க, ப்ரோபேட் (சொத்தை வாரிசுக்கு மாத்தற சட்ட வேலை) இழுத்தடிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல பூட்டியே கெடந்திருக்கு. ஏஜென்ட் விளம்பரத்துல "மாடர்னைஸ் பண்ண வேண்டியிருக்கும்"னு ஒரே வரி, அதுக்கு என்ன அர்த்தம்னு உள்ள போனாதான் தெரியுது. அந்தம்மா எதையுமே மாத்தல. மறைச்சு வச்சிருக்காங்களே தவிர எதையும் உடைக்கல.

பில்டர் வந்து கை வைக்கறதுக்கு முன்னாடி முழுசா ஒரு சுத்து பாத்துருவோம்னு டார்ச், நெம்புகோல், மாஸ்க் எல்லாம் எடுத்துட்டு நானும் வீட்டம்மாவும் போனோம். பாத்ததை அப்படியே கொட்டறேன், எது என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. எதை வச்சுக்கலாம் எதை தூக்கலாம்னும் சொல்லுங்க, ஏன்னா அந்த விஷயத்துல நான் ஒரு கட்சி அவ ஒரு கட்சி.

வெளிய இருந்து ஆரம்பிக்கறேன். முன்பக்கம் கீழயும் மேலயும் வளைஞ்ச பே விண்டோ, மேல முக்கோணத்துல கறுப்பு மரச்சட்டம் அடிச்சு டியூடர் காலத்து வீடுன்னு நம்ப வைக்கற வேலை. வாசக்கதவுக்குப் பக்கத்துல முட்டை வடிவத்துல சின்ன ஜன்னல், அதுல ஈயப்பட்டையில கோத்த கலர் கண்ணாடி, பாய்மரக் கப்பல். பே விண்டோ மேல்வரிசை கண்ணாடி எல்லாத்துலயும் உதிக்கற சூரியன், ஆரஞ்சும் மஞ்சளுமா கதிர் விரியுது. ஒரே ஒரு பலகத்துல மட்டும் விரிசல், மத்ததெல்லாம் முழுசு.

உள்ள கதவெல்லாம் வழவழன்னு பிளாட்டா வெள்ளை பெயின்ட் அடிச்சு இருந்துச்சு, சுமார் கதவுன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு மூலையில லேசா தூக்கிட்டு இருந்த இடத்துல நெம்பினா ஹார்ட்போர்டு, அட்டை மாதிரி மெல்லிசுப் பலகை! சின்னச் சின்ன ஆணி வரிசையா, டக் டக்னு விட்டு வந்துச்சு, முழுப் பலகையையும் எடுத்ததும் உள்ள மேல அகலமா ஒரு பேனல், கீழ நெட்டுக்குத்தா மூணு பேனல், கரும்பழுப்பு வார்னிஷ் அப்படியே இருக்கு. கதவு ஓரத்துல விரல் அகலத்துக்கு தூசி படிஞ்சு கெட்டியாயிருக்கு. பேக்கலைட் (பழைய காலத்து கெட்டி பிளாஸ்டிக்) கைப்பிடி, அதுவும் நெஞ்சு உயரத்துல. இவ்ளோ மேல ஏன் வச்சாங்கன்னு புரியல, என் பொண்ணு எட்டிப் பிடிக்கணும்.

முன்ரூம்ல சுவரைச் சுத்தி, கூரையில இருந்து ஒரு முழம் கீழ மரப்பட்டை ஓடுது. ஃபயர்பிளேஸை பலகை வச்சு அடைச்சிருந்தாங்க, அதை எடுத்தோம், கொலுப்படி மாதிரி ரெண்டு பக்கமும் படிப்படியா ஏறுது, பிஸ்கட் கலர் டைல். பக்கத்துல தரையில ஒரு குட்டி பித்தளைக் குழாய், திருகற சாவி சைஸுக்கு. அது என்ன? டைனிங் ரூம் சுவர்ல ஃபயர்பிளேஸுக்குப் பக்கத்துல ஒரு பெல் பட்டன். ஜன்னலுக்குக் கீழ ஸ்கர்ட்டிங்ல (சுவர் அடியில ஓடற மரப்பட்டை) ரெண்டு ஓட்டை போட்ட பிரவுன் பிளேட், ஒண்ணுல ஆங்கில ஏ, இன்னொண்ணுல இ. மெயின் கேள்வியே அதான், கரண்ட் பாயின்ட்டா? ரெண்டே ஓட்டை, எர்த் ஓட்டை இல்ல.

சமையக்கட்டு ரொம்ப சின்னது. ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வெளிய. செவப்பு டைல் தரை, சுவர்ல டைனிங் ரூம் பக்கம் தொறக்கற சின்னக் கதவு. மூலையில கதவு போட்ட நெட்டு அலமாரி, உள்ள பளிங்கோ கடப்பாவோ தெரியல கல் தட்டு, கம்பி வலை அடிச்ச குட்டி ஜன்னல். கை வச்சா ஜில்லுன்னு இருக்கு.

மாடியில பாத்ரூம், பச்சையும் கறுப்புமா பளபளன்னு பெரிய பெரிய பலகை, டைல்னு சொல்ல முடியாது, கண்ணாடிதான்னு நெனைக்கறேன். பெட்ரூம்ல லினோலியத்தை சுருட்டினா கீழ பேப்பர் விரிச்சிருக்காங்க, 1937 மே மாசத்து பேப்பர், ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு ஊர்வலம் எந்த ரோடு வழியா போகும்னு மேப். அதுக்கு அடியில பலகைத் தரை. வேலை எல்லாத்தையும் விட்டுட்டு அவ தரையில உக்காந்து அந்த விளம்பரங்களை ஒண்ணொண்ணா படிச்சிட்டு இருந்தா.

மேல லாஃப்ட்ல ஓட்டுக்கு அடியில எதுவுமே இல்ல, இடுக்கு வழியா வெளிச்சம் தெரியுது. தோட்டத்துக் கடைசியில ஷெட்டு, கூரை வளைஞ்ச கெட்டி தகரம்.

பிரச்சனை என்னன்னா, கீழ முன்ரூம்ல ஈர வாடை. ஸ்கர்ட்டிங் ஒரு இடத்துல விரல் வச்சா அமுங்குது. ஒரு டேம்ப் கம்பெனி ஆள் வந்து மீட்டரை வச்சு பாத்துட்டு சுவர் பூரா ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும், பூச்சை ஒரு மீட்டர் உயரம் உடைக்கணும்னு நாலாயிரம் பவுன் சொல்லிட்டுப் போயிருக்காரு. என்ன செய்யலாம்?

ஸ்கிப்_ராஜா:

தம்பி வாழ்த்துகள். ஓப்பனா சொல்றேன், எல்லாத்தையும் தூக்குங்க. நான் இந்த மாதிரி வீடு வாங்கி வாடகைக்கு விடறவன். ஃபயர்பிளேஸ் போச்சுன்னா ரூம் பெருசாகும், சமையக்கட்டையும் டைனிங்கையும் ஒண்ணா உடைச்சு பின்னாடி இழுத்து கட்டுனா வீட்டு விலை எங்கயோ போகும். கப்பலும் சூரியனும் பாக்க நல்லாதான் இருக்கும், ஜனவரியில அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்து பாருங்க தெரியும். இது ஒண்ணும் தாஜ்மகால் இல்ல, லட்சக்கணக்குல அச்சு போட்டு கட்டுன வீடு.

கரண்ட்கம்பி:

அந்த ஏ, இ பிளேட் கரண்டே இல்ல ப்ரோ. ரேடியோ! ஏரியல், எர்த். பிபிசி 1922ல ஆரம்பிச்சது, முப்பதுகள்ல வீட்டுக்கு வீடு வயர்லெஸ் செட். தோட்டத்துல நீளமா கம்பி இழுத்து ஏரியல் கட்டி அதை ஒரு ஓட்டையில கொண்டு வருவாங்க, இன்னொண்ணு மண்ணுல அடிச்ச ராடுக்குப் போகும். புது வீடு விக்கறப்ப பில்டருங்க இதை ஒரு வசதியா சொல்லி வித்தாங்க, இப்ப ஃபைபர் இருக்குன்னு சொல்றாங்கல்ல. அதைக் கழட்டாதீங்க, பின்னாடி எதுவும் இல்லன்னு செக் பண்ணிட்டு அப்படியே விட்டுருங்க. ஒரு தொந்தரவும் பண்ணாது.

மத்தது தொந்தரவு பண்ணும். ப்ளக் பாயின்ட் உருண்டை பின் தானே? பெருசு 15 ஆம்ப், சின்னது 5 ஆம்ப். ஒரு ரூமுக்கு ஒண்ணு, மாடியில ஒண்ணுகூட இல்லாமலும் இருக்கும். இப்ப நாம குத்தற சதுரப் பின்னும் ரிங் சர்க்யூட்டும் 1947ல வந்தது. முப்பதுகள்ல லைட்டுக்கு ஒரு ரேட்டு பவருக்கு ஒரு ரேட்டுன்னு தனித்தனியா கணக்கு போட்ட இடங்கள் நெறய, அதனால லைட் ஹோல்டர்ல அடாப்டர் மாட்டி இஸ்திரி பெட்டி போட்டாங்க, கேக்கவே பயமா இருக்குல்ல.

லாஃப்ட்ல வயர் பாத்தீங்களா? கறுப்பு ரப்பரா, இல்ல ஈயக்குழாயில வருதா? அது வி.ஐ.ஆர், வல்கனைஸ் பண்ண ரப்பர். அம்பது அறுபது வருஷத்துல ரப்பர் காஞ்சு பொடியாயிரும். சும்மா இருக்கற வரைக்கும் சும்மா இருக்கும், நீங்க வயரை லேசா வளைச்சீங்கன்னா உறை உதிர்ந்து செம்பு வெளிய வந்துரும். தயவுசெஞ்சு எதையும் ஆன் பண்ணி பாக்காதீங்க. முழு ரீவயர்தான், அதுல பேச்சே இல்ல. ஆனா பழைய பேக்கலைட் சுவிட்ச் மூடியெல்லாம் எடுத்து வைங்க, அதே லுக்குல புது சுவிட்ச் விக்கறாங்க, பக்கத்துல பக்கத்துல வச்சா நல்லா இருக்கும்.

பால்மரம்:

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், நான் ஈப்போவுல இருக்கேன். இந்த ரப்பர் வயர்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணு ஓடுது. எங்க தாத்தா பேராக் பக்கம் தோட்டத்துல பால் வெட்டுனவரு, 1920கள்ல கப்பல்ல வந்தவரு. அந்தக் காலத்து உலக ரப்பர்ல பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சுக்காரன் கிட்ட இருந்த சுமத்ரா ஜாவா பக்கந்தான். மலாயா தோட்டத்துல பால் வெட்டுன கை முக்கால்வாசி நம்ம கைதான். உங்க லாஃப்ட்ல இருக்கற வயர்ல எங்க தோட்டத்துப் பால் இருக்குன்னு நான் சொல்லல, ஆனா இல்லன்னும் யாரும் சொல்ல முடியாதுல்ல. தூக்கிப் போடறப்ப ஒரு துண்டு எடுத்து வைங்க.

வடலி:

தம்பி, படிச்சுக்கொண்டு போக எங்கட பழைய வெம்ப்ளி வீடு கண்ணுக்கு முன்னால வந்துட்டுது. நாங்கள் எண்பதுகளில வந்தனாங்கள், முதல் வாடகைக்கு இருந்த வீடும் உப்பிடித்தான், அதே வளைஞ்ச யன்னல், அதே சூரியன். ஒரு அறைக்குள்ள ஒரு குடும்பம் எண்டு மூண்டு குடும்பம் இருந்தனாங்கள்.

அந்தச் சுவரில இருக்கிற சின்னக் கதவை மூடிப்போடாதேங்கோ. சாப்பாடு குடுக்கிற துவாரம் அது. நாங்கள் குசினிக் கதவை இறுக்கிப் பூட்டிப்போட்டு பின்பக்க யன்னலைத் திறந்து வைச்சு மீன்குழம்பு வைப்பம், பிறகு அதுக்குள்ளால புட்டுச் சட்டியையும் குழம்பையும் நீட்டினால் மணம் முன்னறைக்கு வராது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி நல்ல மனுசி, எண்டாலும் குழம்பு மணத்துக்கு முகத்தைச் சுழிப்பா. இப்ப எல்லாரும் எல்லாச் சுவரையும் உடைச்சு ஒண்டாக்கிப்போட்டு, வீடு முழுக்க தாளிச்ச மணம் எண்டு மேசையில மெழுகுதிரி கொளுத்தி வைக்கினம்.

அந்தக் கல்லுத் தட்டு அலுமாரி லார்டர். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில பால், பட்டர், இறைச்சி எல்லாம் அதுக்குள்ளதான் வைச்சவை. வடக்குப் பக்கமா இருக்கும் எண்டு நினைக்கிறன், பாருங்கோ. எங்கட அம்மா அதுக்குள்ள ஊறுகாயும் தயிரும் வைச்சவ. குளிர்காலத்தில ஃப்ரிட்ஜை விட நல்லது.

செங்கல்:

நான் சர்வேயர், இந்த வீடுகளையே வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கறவன். கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல டேம்ப் விஷயம். அந்த நாலாயிரத்தை யாருக்கும் குடுத்துராதீங்க, இப்போதைக்கு. அவரு வச்ச மீட்டர் மரத்துல ஈரம் பாக்கறதுக்குன்னு செஞ்சது, பூச்சுல உப்பு இருந்தாலும் பீப் அடிக்கும். நீங்க டார்ச் எடுத்துட்டு வெளிய போய் சுவர் அடியில பாருங்க, ஏர் பிரிக் (காத்து போக ஓட்டை வச்ச செங்கல்) எத்தனை இருக்கு, எத்தனை தொறந்திருக்குன்னு. முன்ரூம் தரையும் பலகையாத்தான் இருக்கும். அந்தப் பலகைக்கு கீழ மண்ணுக்கும் பலகையைத் தாங்கற ஜாய்ஸ்ட் கட்டைக்கும் நடுவுல காலி இடம் விட்டு கட்டிருப்பாங்க, முன் சுவர்ல நுழையற காத்து பின் சுவர் வழியா வெளிய போகணும், அதுதான் அந்தத் தரையோட உயிர். குளிர் வருதுன்னு யாரோ துணி திணிச்சிருப்பாங்க, இல்லன்னா பூச்செடிக்கு மண் ஏத்தி மூடிருப்பாங்க, இல்லன்னா முன்னாடி கார் நிறுத்த சிமென்ட் போட்டு லெவல் ஏறிருக்கும். வெளித்தரை டேம்ப் கோர்ஸுக்கு (ஈரம் மேல ஏறாம சுவர் அடியில வைக்கற தடுப்பு அடுக்கு) கீழ 150 மில்லிமீட்டர் இருக்கணும். உங்க காலத்து வீட்ல டேம்ப் கோர்ஸ் ஸ்லேட்டோ பிட்டுமனோ நிச்சயம் இருக்கும், பொதுவா அது கெட்டுப்போறதில்ல, நாமதான் அதை மூடிடறோம்.

அடுத்து ஃபயர்பிளேஸ். பலகை வச்சு அடைச்சப்ப அதுல காத்து ஓட்டை விட்டாங்களா? விட்டிருக்க மாட்டாங்க. 1952 டிசம்பர் புகைமூட்டத்துக்கு அப்புறம் 1956ல சுத்தமான காற்றுச் சட்டம் வந்து, ஒவ்வொரு ஏரியாவா புகை தடை பண்ணாங்க, கேஸ் ஹீட்டிங் வந்துச்சு, எல்லாரும் ஃபயர்பிளேஸை அடைச்சாங்க. மேல சிம்னி வாய்ல இருக்கற பானை வழியா மழை எறங்கும், கீழ காத்து இல்ல, உள்ள பல வருஷத்துக் கரி. கரியில இருக்கற உப்பு ஈரத்தை இழுத்து சுவர்ல பழுப்புக் கறையா வரும். சிம்னி பக்கத்துச் சுவர்லதான் வாடை அதிகம்னா அதான் காரணம். சிம்னியை சுத்தம் பண்ணி மேல மழை புகாத மூடி போட்டு, கீழ கிரில் வச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நீங்க அழகுன்னு பாக்கற சாமான்ல பாதி அழகுக்கு வச்சதில்ல. லார்டர் ஜன்னல், ஃபயர்பிளேஸ், ஏர் பிரிக், ஏன், அந்த பே விண்டோவோட மேல் சின்னக் கதவுகூட, எல்லாம் சேந்து ஒரு காத்தோட்டம். நிலக்கரி அடுப்பு எரியறப்ப ரூம் காத்தை இழுத்து மேல தள்ளும், எடுத்ததுக்கு ஈடா எங்கயாவது உள்ள வரணும். ஸ்கிப்_ராஜா சொன்ன வேலையை எல்லாம் செஞ்சு, டபுள் கிளேஸிங் போட்டு, ஏர் பிரிக்கை அடைச்சு, துணி உள்ள காயப்போட்டு, ரெண்டாவது குளிர்காலத்துல ஜன்னல் மூலை கறுத்துப்போய் எனக்கு போன் பண்றவங்க எக்கச்சக்கம். வாடகை வீட்லதான் அதிகம், சொல்லக்கூடாதுன்னாலும் சொல்றேன்.

பெல் பட்டனுக்கு வர்றேன். வேலைக்காரியைக் கூப்பிடறதுக்கு. சிரிக்காதீங்க, இந்த சைஸ் வீட்டுக்கு வேலைக்காரி வச்சவங்க ரொம்பக் கம்மி, வச்சிருந்தாலும் பகல்ல வந்து போறவங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் பொண்ணுங்க ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் போயிட்டாங்க, வீட்டு வேலைக்கு ஆள் கெடைக்கறது கஷ்டமாயிருச்சு. அதனாலதான் சமையக்கட்டு அவ்ளோ சின்னது, வீட்டம்மா ஒருத்தியே நாலு எட்டுல எல்லாத்தையும் எட்டிப் பிடிக்கணும்னு. பெல் மட்டும் கௌரவத்துக்கு. வாங்க வந்தவங்க பெரும்பாலும் முதல் தலைமுறையா சொந்த வீடு வாங்கற கிளார்க், டீச்சர், கடை மேனேஜர். 1931 செப்டம்பர்ல 6 சதவீதமா இருந்த பேங்க் ரேட் 1932 ஜூன்ல 2 சதவீதத்துக்கு எறங்குச்சு, வீட்டுக்கடன் மலிஞ்சுது, முப்பதுகள் நடுவுல வருஷத்துக்கு மூணு லட்சத்துக்கும் மேல வீடு கட்டினாங்க. ரெண்டு போருக்கும் நடுவுல மொத்தம் சுமார் 40 லட்சம் வீடு. ரெய்னர்ஸ் லேன் அப்ப வயக்காடு. மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனி 1915ல இருந்தே "மெட்ரோலேண்ட்"னு பேர் வச்சு, வாங்க, ரயிலுக்குப் பக்கத்துல தோட்டத்தோட வீடுன்னு புத்தகம் போட்டு கூவுச்சு. தெக்குப் பக்கம் பூரா டி.எஃப். நாஷ்ங்கற பில்டர் வரிசை வரிசையா கட்டுனது. வீடெல்லாம் வந்தப்புறந்தான் 1938ல இப்ப இருக்கற ஸ்டேஷன் கட்டடமே வந்துச்சு, சார்லஸ் ஹோல்டனும் ரெஜினால்ட் யூரனும் டிசைன் பண்ணது. தினமும் அதுக்குள்ள நொழஞ்சு போறீங்க, ஒரு நாள் நிமிந்து பாருங்க.

சூரியனும் அப்படித்தான். 1925 பாரிஸ் கண்காட்சிக்கு அப்புறம் எங்க பாத்தாலும் அந்த டிசைன், கேட்டுல, ரேடியோ முகப்புல, சினிமா தியேட்டர்ல. அப்ப டாக்டருங்க வெயில் உடம்புக்கு நல்லதுன்னு வேற சொல்லிட்டு இருந்தாங்க. லண்டன் புகையை விட்டு வெளிய வர்றவனுக்கு ஜன்னல்லயே சூரியனை வரஞ்சு வித்துட்டான் பில்டர்.

மொட்டைமாடி:

செங்கல் அண்ணே, கையெடுத்து கும்புடறேன். நீங்க சொன்னதும் ஓடிப்போய் பாத்தேன். முன்பக்கம் ஏர் பிரிக் ஒண்ணு பாதி மண்ணுக்குள்ள, இன்னொண்ணுல சிமென்ட் பூசி மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க, தேடித்தான் கண்டுபிடிச்சேன், சுவர்ல சதுரமா ஒரு மேடு. பின்பக்கம் தொறந்திருக்கு, ஆனா முன்னாடி அடைச்சுட்டா எதுக்கு. சிம்னி பக்கத்துல பழுப்புக் கறையும் இருக்கு, வால்பேப்பர் டிசைன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

வடலி அக்கா, லார்டர் வடக்குப் பக்கந்தான். வீட்டம்மா உங்க பதிவைப் படிச்சுட்டு துவாரம் கட்சிக்கு மாறிட்டா.

அந்த பித்தளைக் குழாயும் பாத்ரூம் கண்ணாடியும் என்னன்னு யாரும் சொல்லலயே?

கரண்ட்கம்பி:

பித்தளைக் குழாய் கேஸ் போக்கருக்கு. நிலக்கரியைப் பத்த வைக்க காகிதம் சுள்ளி எல்லாம் அடுக்க வேணாம்னு, ரப்பர் குழாயில ஓட்டை போட்ட ஒரு இரும்புக் குழல் மாட்டி கேஸை எரியவிட்டு கரிக்குள்ள சொருகுவாங்க. அதைத் திருகிப் பாக்காதீங்க! மூடிருக்குன்னு நெனச்ச லைன்ல கேஸ் இருந்த கதையெல்லாம் உண்டு. கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல இருக்கற ஆளைக் கூப்பிட்டு எங்க கட் பண்ணிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, டெட்னு உறுதியாச்சுன்னா குழாயை அலங்காரத்துக்கு விட்டுக்கலாம்.

செங்கல்:

பாத்ரூம் பலகை விட்ரோலைட்டா இருக்கும். ஒளி ஊடுருவாத கலர் கண்ணாடி, பில்கிங்டன் கம்பெனி 1932ல இருந்து செயின்ட் ஹெலன்ஸ்ல பண்ணுச்சு, இப்ப யாரும் பண்றதில்ல. ஒரு பலகை உடைஞ்சா பழைய சாமான் கடையில தேடித்தான் ஆகணும். பின்னாடி பசை போட்டு ஒட்டிருப்பாங்க, நெம்பினா பெரும்பாலும் உடையும். பில்டர் கிட்ட முதல் நாளே சொல்லி வைங்க, ஷவர் பைப் போடறேன்னு டிரில்லை எடுத்துட்டு வந்துருவான்.

அந்த தோட்டத்துத் தகரம், அலை அலையா கெட்டியா, மேல வளைஞ்சு போல்ட் ஓட்டையோட இருக்கா? ஆண்டர்சன் ஷெல்டரோட தகடா இருக்க வாய்ப்பு அதிகம். 1939 ஆரம்பத்துல இருந்து அரசாங்கம் குடுத்தது, மண்ணைத் தோண்டி பாதி புதைச்சு, குண்டு போடறப்ப ஆறு பேர் உள்ள உக்காரலாம். போர் முடிஞ்சதும் தோண்டி எடுத்து ஷெட்டாக்கிட்டாங்க பல பேர். கால்வனைஸ் பண்ண எஃகு. ஆனா ஒண்ணு, ஷெட்டுக்கோ கராஜுக்கோ சாம்பல் கலர்ல அலை அலையா சிமென்ட் ஷீட்டும் இருந்துச்சுன்னா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். காந்தம் ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டலன்னா தொடாதீங்க, உடைக்காதீங்க. இங்க வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் தடையே 1999லதான் வந்துச்சு, அதனால பின்னாடி வந்தவங்க ஒட்டுனதுலயும் இருக்கும்.

கதவு வார்னிஷ், ஜன்னல் பெயின்ட்ல ஈயம் இருக்கும்னு வச்சுக்கோங்க. வீட்ல கொழந்தை இருக்குன்னீங்க, காஞ்ச சாண்ட்பேப்பர் போட்டு தேய்க்கவே கூடாது. மெயின் தண்ணி பைப்பும் ஈயமான்னு ஸ்டாப்காக் (தண்ணியை அடைக்கற வால்வு) பக்கத்துல சுரண்டிப் பாருங்க, வெள்ளி மாதிரி மினுங்கி மெத்துனு இருந்தா ஈயம், மாத்திருங்க. பழசைக் காப்பாத்தறதுல இதெல்லாம் சேராது.

ஸ்கிப்_ராஜா:

வாடகை வீடுன்னு குத்துனது எனக்குத்தான்னு புரியுது அண்ணே, பரவால்ல. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. ஹீட்டிங் பில் யாரு கட்டறது? கப்பல் கண்ணாடி கட்டுமா? வேணும்னா அதை எடுத்து ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கங்க, ஜன்னலுக்கு பி.வி.சி போடுங்க. ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி.

சிம்னியைப் பத்தி மட்டும் நானும் ஒத்துக்கறேன், கீழ இடிச்சுட்டு மேல விடறது பேஜாரு. ஒருத்தன் தாங்கு கட்டை வைக்காம இடிச்சு பக்கத்து வீட்டுக்காரனோட சண்டையாகிப்போச்சு.

செங்கல்:

சிம்னி இடிக்கறதுக்கு பில்டிங் கன்ட்ரோல் அனுமதி, பக்கத்து வீட்டுக்கு 1996 பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி நோட்டீஸ் ரெண்டும் வேணும். செமியில சிம்னி பாதி அவங்களோடது.

ஜன்னலுக்கு ரெண்டு வழி இருக்கு. ஈயக் கண்ணாடியை அப்படியே புது டபுள் கிளேஸிங்குக்கு நடுவுல வச்சு சீல் பண்ணித் தர்ற ஆளுங்க இருக்காங்க, கண்ணாடி மழை படாம இருக்கும், குளிரும் வராது. இல்லன்னா மர ஃப்ரேமைப் பழுது பாத்து உள்பக்கம் இன்னொரு கண்ணாடி. மரம் நல்லா இருக்கான்னு ஸ்க்ரூடிரைவரால கீழ்ச்சட்டத்தைக் குத்திப் பாருங்க, உள்ள போகலன்னா அந்த மரம் இன்னும் பல வருஷம் தாங்கும். அந்தக் காலத்து மரம் மெதுவா வளந்து நெருக்கமா இருக்கும், இப்ப கெடைக்கற மரம் அப்படி இல்ல. இரும்பு ஃப்ரேம் கிரிட்டால் ஜன்னலா இருந்தா வேற கதை, போருக்கு முந்தினது பெரும்பாலும் கால்வனைஸ் பண்ணாதது, துரு மூட்டுல வீங்கி கண்ணாடியை உடைக்கும். உங்க விரிசல் பலகம் அப்படியான்னு பாத்துக்கோங்க.

குளிர் முக்கால்வாசி ஜன்னல்ல இருந்து வரல. லாஃப்ட்ல ஓட்டுக்கு அடியில விரிக்கற ஃபெல்ட் இல்ல, அடியில பஞ்சு கெடையாதுன்னா சூடு நேரா ஆகாசத்துக்குப் போயிட்டு இருக்கு. லாஃப்ட் தரையில 270 மில்லி இன்சுலேஷன் விரிங்க, ஆனா ஓரத்துல காத்துக்கு வழி விட்டு. பலகைத் தரைக்கு அடியில வலை கட்டி நடுவுல இன்சுலேஷன் சொருகலாம், ஏர் பிரிக் தொறந்தே இருக்கணும். சுவர் நடுவுல நுரை ஊத்தறேன்னு யாராவது வந்தா உடனே ஒத்துக்காதீங்க. 1930கள் சுவர்ல உள்ள ரெண்டு அடுக்கையும் புடிச்சு வச்சிருக்கற இரும்புப் பட்டை துருப்பிடிச்சிருக்கலாம், கறுப்பு சாம்பல் கலந்த சாந்துல கட்டிருந்தா இன்னும் சீக்கிரம். வெளிச்சுவர்ல படுக்கைவாட்டுல சீரான இடைவெளியில விரிசல் தெரிஞ்சா முதல்ல ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்கணும்.

வடலி:

அந்த கதவுப் பிடி ஏன் மேல எண்டு தம்பி கேட்டவர், ஒருத்தரும் சொல்லேல்லை?

செங்கல்:

கதவோட அமைப்பு அப்படி அக்கா. மேல ஒரு பேனல், கீழ மூணு நெட்டு பேனல், நடுவுல குறுக்குச்சட்டம் நெஞ்சு உயரத்துல வருது. பூட்டு அந்தச் சட்டத்துலதான் உக்காரணும், அங்கதான் மரம் கெட்டி. விக்டோரியன் கதவுல அந்தச் சட்டம் கீழ இருக்கும், அதனால பிடியும் கீழ. ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்ம ஆளுங்க டெரஸ் வீட்ல இடுப்பு உயரத்துல பாத்திருப்பீங்க.

கூரைக்குக் கீழ ஓடற மரப்பட்டை பிக்சர் ரெயில். கொக்கி மாட்டி கம்பியில படத்தைத் தொங்கவிடறது, பூச்சுல ஆணி அடிக்க வேணாம். சாமி படம் மாட்ட அருமையா இருக்கும், ஆணி அடிச்சா அந்தக் காலத்து பூச்சு பெரிய சில்லா விழும்.

மொட்டைமாடி:

சரி, முடிவு பண்ணிட்டோம். முன்பக்க மண்ணை இறக்கி ஏர் பிரிக் ரெண்டையும் தொறக்கறது, சிம்னிக்காரரைக் கூப்பிடறது, அப்புறம் ஒரு குளிர்காலம் தாங்குதான்னு பாத்துட்டுத்தான் கெமிக்கல் பேச்சு. ஸ்கர்ட்டிங் அமுங்கற இடத்துல பலகையைத் தூக்கிப் பாத்தோம், ஒரு ஜாய்ஸ்ட் முனை மட்டும் மெத்துன்னு போயிருக்கு, மத்தது கெட்டி. ரீவயர், தண்ணி பைப் ரெண்டும் கட்டாயம். முன் ஜன்னல் சூரியன் அப்படியே டபுள் கிளேஸிங்குக்குள்ள போகுது, செலவு கண்ணைக் கட்டுது ஆனா சரி. சமையக்கட்டு பின்பக்கம் நீட்டணும்னு அவ பிடிவாதம், அதுல எனக்கும் சம்மதந்தான், இந்த சைஸுல ரெண்டு பேர் சேந்து தோசை சுட முடியாது. லார்டரும் துவாரமும் நீட்டறதுக்கு குறுக்க வரல, தப்பிச்சுது.

பாட்டி வீட்டை விட்டுப்போன மாதிரியே எல்லாத்தையும் வச்சுக்கறதுன்னு நாங்க இறங்கல, அதுக்கு காசும் இல்ல. எல்லாக் கதவுலயும் ஹார்ட்போர்டைக் கழட்டிட்டு ஆணி ஓட்டையை மட்டும் அடைச்சுருவோம். பேக்கலைட் பிடி ஒண்ணு ரெண்டா உடைஞ்சிருக்கு, எங்க கெடைக்கும்?

இன்னொரு கேள்வி, வாட் வரி பத்தி. பில்டர் குடுத்த விலைக் கணக்கு 20 சதவீதம் போட்டு வந்திருக்கு. வீடு காலியா கெடந்ததுக்கு ஏதோ சலுகை இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

ஸ்கிப்_ராஜா:

உண்மை. இதுல நான்தான் எக்ஸ்பர்ட். ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் குடியில்லாத வீடுன்னா ரிப்பேர் வேலைக்கு 5 சதவீதந்தான். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கவுன்சில்ல காலி வீட்டு அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரு, அவர் கிட்ட இருந்து எப்ப இருந்து காலின்னு லெட்டர் வாங்கி பில்டர் கிட்ட குடுங்க. பில்டர் வாட் ரெஜிஸ்டர் ஆனவரா இருக்கணும், அவர்தான் பில்லுல 5 போடணும், நீங்களா பின்னாடி திரும்ப வாங்க முடியாது. சாமானை நீங்களே தனியா கடையில வாங்குனா 20தான், அதனால பில்டர் மூலமாவே வாங்கச் சொல்லுங்க. அதுக்கு நடுவுல குடி போயிடாதீங்க. கவுன்சில் டாக்ஸும் பாத்துக்கங்க, 2024 ஏப்ரல்ல இருந்து ஒரு வருஷம் காலியா இருந்தாலே டபுள் போடற அதிகாரம் கவுன்சிலுக்கு வந்திருக்கு, ரிப்பேருக்கு விலக்கு இருக்கான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

பேக்கலைட் பிடி என் கராஜ்ல ஒரு டப்பா நெறய கெடக்கு, நான் உடைச்ச வீடுகள்ல இருந்து. அளவு அனுப்புங்க, பிடிக்குள்ள போற சதுரக் கம்பி எவ்ளோ கனம்னு.